மூன்று மாதத்துக்கு ஓர் அறை: நியூயார்க்கின் வாடகைக் கதை

மே மாதம் 1ஆம் தேதி, காலை 9 மணி. நியூயார்க் நகரத்துத் தெருக்களில் திரும்பிய பக்கமெல்லாம் குதிரை வண்டிகள். கட்டில், மேஜை, நிலைக்கண்ணாடி, சமையல் பாத்திரம் என்று ஒரு குடும்பத்தின் மொத்த உடைமையும் ஒரு வண்டியில் ஏறி நிற்கும். அந்த வீட்டுக்குள் குடிவர வேண்டிய அடுத்த குடும்பம் தன் சாமான்களோடு வாசலில் காத்திருக்கும். ஊரே ஒரே நாளில் வீடு மாறியது!

இது கற்பனை இல்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்க நியூயார்க்கில் நடந்த வழக்கம். இதற்கு 'மூவிங் டே' என்று பெயர். வீட்டுக்காரர் பிப்ரவரி 1ஆம் தேதி அடுத்த ஆண்டுக்கான வாடகையைச் சொல்லிவிடுவார். கட்டுப்படியாகாதவர்கள் மூன்று மாதத்துக்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். முடிவுத் தேதி எதுவும் பேசாத வாடகை ஒப்பந்தம் மே 1 அன்று முடிவதாகக் கொள்ள வேண்டும் என்று 1820இல் சட்டமே வந்தது. அன்றைக்கு வண்டிக்காரர்கள் வாய்க்கு வந்த கூலியைக் கேட்பார்கள். அதனால் வண்டிக் கூலிக்கு நகர நிர்வாகம் உச்ச வரம்பு போட வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஊரில் எல்லா வீடும் மே முதல் மே வரை ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும் என்றால், ஜூலை மாதம் கையில் ஒரு பெட்டியோடு வந்து இறங்குகிறவர் எங்கே போவார்? மூன்று மாத வேலைக்கு வந்தவர், படிக்க வந்தவர், கப்பலில் வந்து இறங்கி அடுத்த ஊருக்குப் போகப் பணம் சேர்க்கிறவர், இவர்களுக்கு வீடு யார் தருவார்?

அந்தக் கேள்விக்கு நியூயார்க் கண்ட விடைகளும், தானே அழித்த விடைகளும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

வீட்டுக்காரரின் கணக்கு

முதலில் ஒரு சின்ன வணிகக் கணக்கு. ஒரு வீட்டை ஒரே ஆளுக்கு ஒரு வருடத்துக்கு விட்டால் 12 மாத வாடகை உறுதி. அதையே மூன்று மூன்று மாதமாக நான்கு பேருக்கு விட்டால், ஒவ்வொருவர் போன பிறகும் அடுத்தவர் வரும் வரை வீடு சும்மா கிடக்கும். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் காலியாக இருந்தால் வருடத்தில் எட்டு வார வாடகை போச்சு. அதோடு ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும், ஆள் தேட வேண்டும், வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க வேண்டும். கட்டில் மெத்தையும் வீட்டுக்காரரே போட வேண்டும். மூன்று மாதத்துக்கு வருகிறவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டா வருவார்?

ஆகவே குறுகிய கால வாடகை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மாதக் கணக்கில் பார்த்தால் அதிகமாகத்தான் இருக்கும். அதைக் குறைக்க ஒரே வழி, இடத்தைச் சிறியதாக்குவதும் சமையலறை, குளியலறை போன்றவற்றைப் பலர் பகிர்ந்துகொள்வதும்தான். நியூயார்க் அதைத்தான் செய்தது.

சாப்பாட்டோடு ஓர் அறை

முதல் விடை 'போர்டிங் ஹவுஸ்'. நம்மூரில் 'பேயிங் கெஸ்ட்' என்று சொல்கிறோமே, அதன் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கணவனை இழந்த பெண்களோ நடுத்தரக் குடும்பத்துப் பெண்களோ தங்கள் வீட்டின் அறைகளை வாரக் கணக்கில் விட்டார்கள். அறையோடு சாப்பாடும் உண்டு. எல்லாரும் ஒரே மேஜையில் வீட்டுக்கார அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க நகரங்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிப் பேர் வரை ஏதோ ஒரு காலத்தில் இப்படித் தங்கியிருந்தவர்கள், அல்லது தங்க வைத்தவர்கள் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். நியூயார்க் போர்டிங் ஹவுஸ்களை வகைப்படுத்திக் கேலியாக ஒரு முழுப் புத்தகமே 1857இல் தாமஸ் பட்லர் கன் என்பவர் எழுதினார். புத்தகம் போடும் அளவுக்கு அது ஊரறிந்த வாழ்க்கையாக இருந்தது.

பெண்கள் வெளியே போய்ச் சம்பாதிக்க வழி குறைவாக இருந்த காலத்தில் சொந்தச் சமையலறையே தொழிற்கூடமானது என்பது இதன் இன்னொரு பக்கம். தங்க வருகிறவருக்கு அறை கிடைத்தது, வீட்டுக்கார அம்மாவுக்கு வாடகை கட்ட வழி கிடைத்தது. 1920களில் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களிடம் மற்ற இடங்களைவிட அதிக வாடகை வாங்கப்பட்டபோதும் இதே முறைதான் கை கொடுத்தது. அவர்கள் வீட்டின் ஓர் அறையை வேறொருவருக்கு விட்டார்கள். அதுவும் போதாதபோது வீட்டிலேயே இசை விருந்து வைத்து, வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கி மாத வாடகையைக் கட்டினார்கள்.

ஏழு சென்ட் படுக்கை

போர்டிங் ஹவுஸுக்கும் காசில்லாதவர்கள்? அவர்களுக்கு 'லாட்ஜிங் ஹவுஸ்' என்ற மலிவு விடுதிகள். பவரி என்ற தெருவில் இவை வரிசையாக இருந்தன. 25 சென்ட் கொடுத்தால் தடுப்பு வைத்த படுக்கை. 15, 10 என்று இறங்க இறங்க வசதியும் இறங்கும். ஏழு சென்ட்டுக்கு இரண்டு கட்டைகளுக்கு நடுவே கட்டிய கித்தான் துணி, அவ்வளவுதான். அதற்கும் வழியில்லாதவர்கள் காவல் நிலையத்தில் இலவசமாகப் பலகையில் படுத்துக்கொள்ளலாம்.

1870இல் டென்மார்க்கிலிருந்து வந்த 21 வயது இளைஞர் ஜேக்கப் ரீஸ் அப்படி ஒரு காவல் நிலையத்தில் ஓர் இரவு படுத்தார். காலையில் கழுத்தில் இருந்த தங்கப் பதக்கத்தைக் காணவில்லை. புகார் சொன்னவரை நம்பாமல் வெளியே தள்ளினார்கள். வெளியே அவருக்காகக் காத்திருந்த நாய்க்குட்டி குரைத்துப் பாய்ந்தபோது, காவலர் அதை அடித்தே கொன்றார். அந்த இரவை ரீஸ் மறக்கவே இல்லை. பின்னாளில் அவர் பத்திரிகையாளராகி, ஏழைகளின் குடியிருப்புகளைப் புகைப்படங்களோடு அம்பலப்படுத்தி 1890இல் எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியது. அவருடைய நண்பரான தியோடர் ரூஸ்வெல்ட் (பிற்காலத்தில் ஜனாதிபதி ஆனவர்) நகரக் காவல் வாரியத்தின் தலைவராக இருந்தபோது, 1896இல் காவல் நிலையப் படுக்கைகளை மூடினார்.

மூடியது சரி, மாற்று என்ன? 1897இல் பிளீக்கர் தெருவில் டேரியஸ் மில்ஸ் என்ற செல்வந்தர் 'மில்ஸ் ஹவுஸ்' என்ற பெரும் கட்டடத்தைத் திறந்தார். 1,500க்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு அறைகள். ஆண்களுக்கு மட்டும். ஓர் இரவுக்கு 20 சென்ட். பகலில் அறைகளைப் பூட்டிவிடுவார்கள், எல்லாரும் வேலை தேடிக் கிளம்ப வேண்டும். இதைத் தர்மச் சத்திரமாக நடத்த மில்ஸ் விரும்பவில்லை. குறைந்த வாடகையிலும் லாபம் பார்க்க முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம்.

பெண்களுக்கும் இப்படி விடுதிகள் வந்தன. 1920களின் இறுதியில் திறந்த பார்பிசான் என்ற பெண்கள் விடுதி அதில் புகழ்பெற்றது. அறை வேண்டுமென்றால் நன்னடத்தைக்குச் சான்றுக் கடிதங்கள் தர வேண்டும், ஆண்கள் மாடி ஏறக் கூடாது. நடிகை கிரேஸ் கெல்லி, கவிஞர் சில்வியா பிளாத் போன்றோர் பிரபலமாவதற்கு முன் அங்கே தங்கியவர்கள். புதிதாக ஊருக்கு வரும் ஒரு பெண் பயமில்லாமல் சில மாதங்கள் தங்கி வேலை தேட அது ஒரு வாசலாக இருந்தது.

நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம்

1929இல் நியூயார்க் மாநிலம் பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களுக்கான ஒரு விரிவான சட்டம் இயற்றியது. காற்று, வெளிச்சம், தீப் பாதுகாப்பு, கழிவறை எல்லாவற்றுக்கும் விதிகள். அந்தச் சட்டம் கட்டடங்களை இரண்டாகப் பிரித்தது. நிரந்தரமாக வாழ்பவர்களுக்கு 'ஏ' வகை, தற்காலிகமாகத் தங்குபவர்களுக்கு 'பி' வகை. அன்று இது வெறும் அலுவலகப் பிரிவாகத் தெரிந்திருக்கும். 80 ஆண்டுகள் கழித்து இந்த இரண்டு எழுத்துகளை வைத்துத்தான் பெரிய சண்டையே நடக்கப் போகிறது.

பொருளாதாரப் பெருமந்தம், அதைத் தொடர்ந்து இரண்டாம் உலகப் போர். வீட்டுப் பஞ்சத்தில் எல்லாரும் ஒரே நாளில் வீடு மாறுவது முடியாமல் போய் மூவிங் டே மறைந்தது. பெரிய வீடுகளை வீட்டுக்காரர்கள் அறை அறையாகத் தடுத்து விட்டார்கள். ஓர் அறை, பொதுக் குளியலறை, வார வாடகை. இவற்றுக்கு 'ஒற்றை அறைக் குடியிருப்பு' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் எஸ்.ஆர்.ஓ. என்பார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நகரத்தில் ஏறத்தாழ 2 லட்சம் எஸ்.ஆர்.ஓ. அறைகள் இருந்தன என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

ஆனால் தனி ஆளுக்கான அந்த அறைகளில் குழந்தைகளோடு முழுக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழத் தொடங்கின. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பங்கள் இதில் அதிகம். தீ விபத்து பயம், நோய் பயம். 'இது மனிதர் வாழும் இடமா?' என்ற கேள்வி எழுந்தது. 1955இல் புதிய எஸ்.ஆர்.ஓ.க்கள் உருவாக்குவதை நகரம் தடை செய்தது. 1970களின் நடுவில் ஒரு படி மேலே போய், பழைய எஸ்.ஆர்.ஓ. கட்டடங்களை நல்ல அடுக்குமாடி வீடுகளாக மாற்றினால் வரிச்சலுகையும் தந்தது.

கட்டட உரிமையாளர் என்ன செய்வார்? வாரம் சில டாலர் தரும் முதியவரை வைத்திருப்பதா, அவரை வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தைப் புதுப்பித்து வரிச்சலுகையும் வாங்கிப் பல மடங்கு வாடகைக்கு விடுவதா? கணக்கு எளிது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகள் காணாமல் போயின. அதே காலத்தில்தான் அரசு மனநல மருத்துவமனைகளிலிருந்து ஆயிரக்கணக்கான நோயாளிகள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த கடைசி இடமும் இந்த அறைகள்தான்.

1970களின் முடிவில் தெருவில் படுப்பவர்களின் கூட்டம் கண்ணில் படத் தொடங்கியது. 1979இல் ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் வீடற்ற ஆண்களுக்காக வழக்குத் தொடர்ந்தார். 1981இல் ஏற்பட்ட சமரசத் தீர்வின்படி, கேட்டு வரும் வீடற்ற ஆணுக்குத் தங்க இடம் தர வேண்டியது நகரத்தின் கடமை ஆனது. பிறகு பெண்களுக்கும் அது நீண்டது. அறைகளை ஒழிக்க வரிப்பணத்தை விட்டுக்கொடுத்த அதே நகரம், அந்த அறைகளை இழந்தவர்களைத் தங்க வைக்க வரிப்பணம் செலவழித்தது!

தவறு புரிந்து, 1980களின் நடுவில் எஸ்.ஆர்.ஓ.க்களை மாற்றவோ இடிக்கவோ கூடாது என்று நகரம் புதுச் சட்டம் போட்டது. உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். ஈடு தராமல் சொத்துரிமையைப் பறிக்க முடியாது என்று 1989இல் மாநிலத்தின் உச்ச அமைப்பான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அழிக்க எடுத்த முயற்சி வெற்றி பெற்றது. காக்க எடுத்த முயற்சி தோற்றது.

காற்று மெத்தையிலிருந்து மீண்டும் மேஜைக்கு

இனி கதை கொஞ்சம் மேற்கே போய் வருகிறது. 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரு இளைஞர்களுக்கு வாடகை கட்டப் பணமில்லை. அப்போது ஊரில் ஒரு வடிவமைப்பு மாநாடு, ஹோட்டல்கள் நிரம்பி வழிந்தன. தங்கள் கூடத்தில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, காலை உணவோடு ஆளுக்கு ஓர் இரவு 80 டாலர் என்று அறிவித்தார்கள். மூன்று பேர் வந்தார்கள். அதுவே அடுத்த ஆண்டு ஏர்பிஎன்பி நிறுவனத்தின் இணையதளமாக வளர்ந்தது. 2009இல் அதன் நிறுவனர்கள் நியூயார்க்குக்குப் போய், வீடு வீடாக ஏறி அறைகளைத் தாங்களே புகைப்படம் எடுத்துக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் பெருகிய பெரிய சந்தை நியூயார்க்தான்.

யோசித்துப் பார்த்தால் இது 1850களின் போர்டிங் ஹவுஸ் கதையேதான். வாடகை கட்ட முடியாதவர் அறையை விடுகிறார், புதிதாக வருகிறவருக்குப் படுக்கையும் காலை உணவும் கிடைக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். வருட வாடகைக்கு விட வேண்டிய முழு வீடுகளையே சிலர் மொத்தமாகப் பிடித்து, சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுக் கணக்கில் விடத் தொடங்கினார்கள். முன்பு குறுகிய கால வாடகைக்கு இருந்த கணக்கு தலைகீழானது. இணையத்தில் அடுத்த ஆள் உடனே கிடைப்பதால் காலியாகக் கிடக்கும் பயம் குறைந்தது, இரவு வாடகையோ மாத வாடகையைவிடப் பல மடங்கு.

2010இல் மாநிலம் பழைய 1929 சட்டத்தைத் திருத்தியது. 'ஏ' வகைக் கட்டடத்தில் 30 நாளுக்குக் குறைவாக வீட்டை விடக் கூடாது, அங்கே குடியிருப்பவர் உடன் இருந்தால் மட்டும் விருந்தாளியை வைத்துக்கொள்ளலாம். இது நடைமுறைக்கு வந்த நாள் 2011 மே 1. அந்தக் காலத்து மூவிங் டே!

சட்டம் இருந்தும் சந்தை கேட்கவில்லை. 2010 முதல் 2014 நடுப்பகுதி வரை ஏர்பிஎன்பி வழியே தனியாக விடப்பட்ட நியூயார்க் வீடுகளில் 72 சதவீதம் சட்டத்தை மீறியதாகத் தெரிகிறது என்று மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2014 அறிக்கை சொன்னது. வீடு விட்டவர்களில் வெறும் 6 சதவீதமான வணிகர்கள் வருமானத்தில் 37 சதவீதத்தை எடுத்துக்கொண்டார்கள். 2016இல் சட்டவிரோத விளம்பரத்துக்கு 7,500 டாலர் வரை அபராதம் வந்தது. கடைசியில் நகரத்தின் 2022ஆம் ஆண்டு 18ஆம் எண் சட்டம் 2023 செப்டம்பர் 5 முதல் கறாராக அமலானது. 30 நாளுக்குக் குறைவாக விடுகிறவர் நகரத்தில் பதிவு செய்ய வேண்டும், விருந்தாளியோடு அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் வைக்கக் கூடாது. பதிவில்லாத வீட்டுக்கு இணையதளம் பணம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. குறுகிய காலப் பட்டியல்கள் மளமளவென்று சரிந்தன.

சட்டம் விட்டுவைத்த ஒரே வடிவத்தைப் பாருங்கள்: வீட்டுக்காரர் உள்ளே, விருந்தாளியும் உள்ளே. 1857இல் கன் கேலி செய்த அதே மேஜைக்கு நகரம் திரும்பி வந்திருக்கிறது.

இன்று மூன்று மாதத்துக்கு வருகிறவர்

30 நாளுக்கு மேல் தங்குகிறவரை இந்தச் சட்டம் தடுப்பதில்லை. இரவு வாடகைக்கு விட்ட பலர் '30 நாளும் அதற்கு மேலும்' என்று பலகையை மாற்றிக்கொண்டார்கள். இன்னொரு வழி உள்வாடகை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடத்தில் ஒப்பந்தத்தோடு குடியிருப்பவர் உள்வாடகைக்கு விட அனுமதி கேட்கலாம், நியாயமான காரணமில்லாமல் உரிமையாளர் மறுக்க முடியாது.

தரகுக் கட்டணம் இன்னொரு சுவராக இருந்தது. வருட வாடகையில் 15 சதவீதம் வரை தரகருக்குப் போகும். அதாவது ஏறத்தாழ 1.8 மாத வாடகை. ஒரு வருடம் இருப்பவர் அதை 12 மாதத்தில் பரப்பிக்கொள்வார். சில மாதங்களில் கிளம்பப் போகிறவர் தலையில் அது மொத்தமாக விழும். 2019இல் முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. 2025 ஜூன் முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கட்டணம் தர வேண்டும் என்ற நகரச் சட்டம் அமலுக்கு வந்தது.

இவையெல்லாம் உதவிதான். ஆனால் இவை யாருக்கு உதவி? அலங்கரித்த வீட்டுக்கு மாதம் சில ஆயிரம் டாலர் தரக்கூடியவருக்கு. அன்றைய 20 சென்ட் ஆளுக்கு, வாரக் கூலியை வைத்துக்கொண்டு ஓர் அறை கேட்பவருக்கு, நகரத்தில் இருந்த இடம் இன்னும் நிரம்பவில்லை. அதை நகரமும் ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. 2024 டிசம்பரில் நகரவை நிறைவேற்றிய நில விதித் திருத்தங்கள், சமையலறையையும் பிற வசதிகளையும் பகிர்ந்துகொள்ளும் குடியிருப்புகளுக்கு இருந்த தடைகளைத் தளர்த்தின. 1955இல் மூடிய கதவை 70 ஆண்டுகள் கழித்துக் கொஞ்சம் திறந்து பார்க்கிறார்கள்.

எஸ்.ஆர்.ஓ. அறைகளைத் தடை செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. குழந்தைகள் இருட்டறையில் வளரக் கூடாது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் மோசமான அறையைத் திருத்துவதும் அந்த அறையையே இல்லாமல் செய்வதும் ஒன்று என்று எண்ணிவிட்டார்கள். அறை போனது, அதைத் தேடி வருகிறவர் போகவில்லை. அவர் தெருவுக்கோ அரசுக் காப்பகத்துக்கோ போனார். கொஞ்சம் காசிருந்தால் இணையத்தில் வேறு வழி தேடினார்.

பிளீக்கர் தெருவில் மில்ஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. உள்ளே சுவர்களை இடித்து அறைகளைப் பெரிதாக்கி, பல லட்சம் டாலர் விலை பெறும் வீடுகளாக மாற்றிவிட்டார்கள். பார்பிசானும் சொந்த வீடுகளாக மாறிவிட்டது, பழைய வாடகை உரிமையோடு இருந்த சில முதிய பெண்கள் மட்டும் அங்கே தொடர்ந்து வாழ்ந்தார்கள். பெட்டியோடு ஜூலை மாதம் வந்து இறங்குகிறவர் அந்த இரண்டு வாசல்களையும் இன்று வெளியிலிருந்துதான் பார்க்க முடியும்.